கடல் வரும் இடங்களில்

கல்யாண வீட்டுப் பின்வளவில் ஜெனரேட்டர் இரைந்து, புகை மூக்கில் ஏறியதும், கூடாரத்து நாட்கள் ஞாபகம் வந்து, பந்தியில் இருக்கமாட்டாமல் எழுந்துவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு, கடற்கரை ஊரான பெரியகல்லாற்றிலிருந்து ஓடிவந்த நாங்கள் வெல்லாவெளியில் ஒரு பள்ளிக்கூட வளவில் கூடாரங்களில் கிடந்த நாட்களில், ஒரு அண்ணன் ஆட்டோவில் புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் கொண்டுவந்து, இரண்டு வேம்புகளுக்கு நடுவே வெள்ளைச் சீலை கட்டிப் படம் போடுவார். முதல் படத்தில் அலைச் சத்தம் கேட்டதுமே பாதிச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் ஓடியது. அன்றிலிருந்து கடல் வரும் இடமெல்லாம் அவர் சத்தத்தை நிறுத்தி, உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைப்பார், விரலிடுக்குகள் சிவந்து தெரியும், நடிகர்கள் பாட்டுக்குப் பாட்டு கடற்கரையில் ஆடினால் அவர்தான் என்ன செய்வார், "இந்தப் படத்துக்கும் அண்ணன்ட கைதான் ஹீரோ" என்று நாங்கள் கத்துவோம்.

மகனைக் கடலில் இழந்த பக்கத்துக் கூடாரத்துப் பரமேசக்கா எந்தப் படத்துக்கும் வந்ததில்லை. ஊருக்கே திரும்பிப் போவதென்று மூட்டை கட்டிய அன்று மாலைதான் வந்து உட்கார்ந்தார். படத்தில் கடல் வந்து, அண்ணனின் கை வெளிச்சத்தை மறைத்தபோது எழுந்து நின்றார்.

"வேணாமக்கா, கொஞ்சம் பொறுங்க," என்றார் அண்ணன்.

"கைய எடு மனே. இங்க வச்சு ஒருக்காப் பாத்துட்டுப் போறன்."