ரோண்டா வீட்டு வேலிக்குப் பின்னால் போன கோடு

ரோண்டா மெலான்சனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசைதான் அவள் வேலை. அங்கேயும் நோயாளி வந்தால் எழுந்து நிற்பாள், போனால் எழுந்து நிற்பாள். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே போன் பேசுவாள், பேசிக்கொண்டே வாசலுக்கு வருவாள், வந்த காரணம் மறந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் விடுவாள். அவள் கணவன் வேட், கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவன். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. "அங்க புயல் அடிச்சாக்கூட தூங்கிருவேன். இங்க இவ நடக்கிற சத்தத்துல கண்ண மூட முடியல" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

எங்கள் ஹார்லன் தெரு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு பழைய நகரத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. எங்களுக்குத் தெற்கே பெரிய வீடுகள், வெட்டி வைத்த புல்வெளிகள், கோல்ஃப் மைதானம். வடக்கே பூட்டிய ஆலைகளும் அவற்றை நம்பி வந்து தங்கிவிட்ட மக்களும். நடுவில் நாங்கள், கார் நிறுத்த ஆளுக்கு ஓர் இடம் வைத்திருப்பவர்கள். தெருக்கோடியில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள்.

பள்ளிக்கூடங்களுக்குச் சோறு போடுவது வீட்டு வரிதான். தாங்கள் கட்டுகிற வரியெல்லாம் வடக்கே போகிறது, தங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று தெற்குக்காரர்கள் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தார்கள். ஒரு கோடையில் அந்தப் புகை பற்றிக்கொண்டது. தனி ஊராகப் பிரிந்துவிடுவோம், தனிப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்வோம் என்றார்கள்; எங்கள் தெருவையும் உள்ளே சேர்த்திருந்தார்கள். பெயரும் வைத்தாயிற்று: லேக்ஹேவன். ஏரி எதுவும் கிடையாது, மழைத் தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளம் உண்டு. பிரிந்து போனால் மிச்சமிருக்கிற ஏழைப் பிள்ளைகள், அதிலும் கறுப்பினப் பிள்ளைகள், நடுத்தெருவில் நிற்பார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பிரிய வேண்டும் என்றவர்களில் ஒருவரும் நிறம் என்ற சொல்லை வாயில் வைக்கவில்லை. அதைச் சொல்லாமல் அதைச் சுற்றியே பேசினார்கள்.

ரோண்டாவுக்கு ஒரு காரணம் இருந்தது. மகள் ஆம்பரின் வகுப்பில் கணக்கு ஆசிரியர் பாதி வருஷத்தில் வேலையை விட்டுப் போனார். அப்புறம் வந்தவர்கள் எல்லாம் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள். அதே வருஷம் சாப்பாட்டுக்கூடத்தில் யாரோ இருவர் அடித்துக்கொண்டதில் ஒரு தட்டு பறந்து வந்து ஆம்பரின் புருவத்தைக் கிழித்தது. பள்ளி அலுவலகத்தில் ரோண்டா கேட்ட கேள்விக்கு ஒருவரும் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லவில்லை. மறுவாரம் அவள் லேக்ஹேவன் கூட்டத்தில் போய் நின்றாள். வாக்கெடுப்பு கேட்கும் மனுவில் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போக ஆள் வேண்டும் என்றார்கள். நடப்பதற்கென்றே பிறந்தவளுக்கு வேறென்ன வேண்டும்.

எதிர்வீடு ஒடெஸா ரஃபினுடையது. தபால் கொடுக்கும் வேலையில் ஓய்வு பெற்றவர்; எங்கள் தெருவில் வீடு வாங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி. ரோண்டா குடிவந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே வெண்டைக்காயும் இறாலும் போய்வந்து கொண்டிருந்தன. அந்தக் கதவையும் ரோண்டா தட்டினாள்.

"மிஸ் ஒடெஸா, உங்ககிட்ட வராமப் போனாலும் தப்பா நினைப்பீங்க, வந்தாலும் தப்பா நினைப்பீங்க. அதான் வந்துட்டேன்."

"உள்ள வா. கையெழுத்து கிடைக்காது. காபி கிடைக்கும்."

ரோண்டா நின்றுகொண்டே காபி குடித்தாள். "என் பொண்ணு படிப்பு ஒண்ணுதான் எனக்கு. இதுல கறுப்பு வெள்ளைன்னு ஒண்ணும் இல்ல."

"நான் அந்தப் பேச்சே எடுக்கலையேம்மா. நீதான் எடுத்த."

"சரி, நானே எடுத்தேன். அப்ப நான் என்ன பண்ணணும்? அவ புருவத்துல தையல் போட்டத பாத்துட்டு சும்மா இருக்கணுமா?"

"சும்மா இருன்னு யாரு சொன்னா? பள்ளி வாரியக் கூட்டத்துக்கு வா. வந்து கத்து. நானும் கத்துறேன். எங்க சர்ச் பிள்ளைங்க பாதிப் பேரு அங்கதான் படிக்குது."

"வந்தேன். மொத்தமே அஞ்சாறு பேரு. அதுல ஒருத்தர் தூங்குறாரு."

"அவரு எங்க சர்ச் டீக்கன் வில்லிஸ். அவரு சர்ச்லயும் தூங்குவாரு."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் ஒடெஸா சொன்னார்: "வீட்ட ரெண்டாப் பிரிக்கிறவங்க, ஓட்டைக் கூரை யார் பங்குன்னு முதல்லயே பேசி வெச்சிருப்பாங்க. அதத்தான் சொல்றேன். காபி ஆறுது, குடி."

அதோடு போயிருந்தால் சரியாகியிருக்கும். மாவட்ட சபையின் முதல் விசாரணைக் கூட்டத்தில்தான் பேச்சு தடித்தது. இரு தரப்பும் மைக் முன்னால் வரிசையில் நின்றன; உள்ளூர் டிவியும் வந்திருந்தது. ரோண்டாவின் முறை வந்தபோது எதிர்த்தரப்பிலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. எழுதி வைத்ததை விட்டுவிட்டு, "அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே கிடையாது. அக்கறை இருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்றாள். தெற்குக்காரர்கள் கைதட்டினார்கள். ஒடெஸா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததை ரோண்டா கைதட்டல் அடங்கின பிறகுதான் பார்த்தாள்.

ஒடெஸாவின் முறை வந்தபோது அவர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பக்கத்து ஆளு பேசுறேன்" என்று ஆரம்பித்தார். அப்புறம் பேசியது வரியைப் பற்றியும் பேருந்துகளைப் பற்றியும்தான். ரோண்டாவின் காதில் முதல் வரிக்குப் பிறகு எதுவும் விழவில்லை.

அன்றோடு தெருவைக் கடந்து எதுவும் போகவில்லை, வரவுமில்லை. ரோண்டா காரை எடுக்கும்போது ஒடெஸா வாசலில் இருந்தால், தலையாட்டுவதா வேண்டாமா என்று இருவரும் கொஞ்சம் திணறுவார்கள். ரோண்டா இன்னும் வேகமாக நடந்தாள். வேலை முடிந்தால் நேரே கையெழுத்துக்குப் போனாள். வேட் கடலிலிருந்து வந்து, குளிர்பதனப் பெட்டியில் நாள்கணக்காகக் கிடந்த சாதத்தைப் பார்த்துவிட்டு முட்டை பொரித்துக்கொண்டான்.

வாக்கெடுப்பில் லேக்ஹேவன் தோற்றது, மயிரிழையில்.

விடுவதாக இல்லை அவர்கள். இயக்கத்தை நடத்தியவர் ப்ரெண்ட் லாக்வுட் என்ற வக்கீல். தெற்கே கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு. எல்லையைக் கொஞ்சம் சரிசெய்து மறுபடி கேட்போம் என்று சொல்லி, சர்ச் ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் கூப்பிட்டார். ரோண்டா ஒரு பெரிய பானை நிறைய ஜம்பலாயா சமைத்துக்கொண்டு போனாள். காரமான தொத்திறைச்சியும் இறாலும் போட்ட அவள் கைச்சோற்றுக்கு அந்தக் கூட்டத்தில் தனி மரியாதை உண்டு. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும்போது சுவரில் வரைபடத்தைப் போட்டார்கள்.

புது எல்லைக்கோடு நீல நிறத்தில் வளைந்து வந்தது. ரோண்டா கையில் கரண்டியோடு அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டினாள். கோடு அவள் வீட்டுப் பின்வேலியை உரசிக்கொண்டு போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் லேக்ஹேவன். இந்தப் பக்கம் அவள்.

"ப்ரெண்ட், கோடு தப்பா விழுந்திருக்கு."

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பு இல்ல ரோண்டா. உங்க தெருக்கோடி அபார்ட்மென்ட் ரெண்டும் மொத்தமா எதிரா போட்டுச்சு. அதனாலதான் போன தடவை தோத்தோம்."

"நான் ஆதரவாத்தானே போட்டேன்."

"நீங்க போட்டீங்க. உங்க தெரு போடலையே. இது ஆளப் பாத்துப் பண்ணினது இல்ல, வெறும் கணக்கு. மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் தட்டின கதவுல முக்காவாசி உள்ள இருக்கு. என் கதவு வெளிய."

அவர் வரைபடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டார். ரோண்டாவோடு சேர்ந்து வெயிலில் அலைந்த டாமி என்பவள் ஆறுதலாக அவள் தோளைத் தொட்டாள். "நீங்க அந்த வீட்ட வித்துட்டு உள்ள வந்துருங்களேன். எங்க தெருவுலயே ஒண்ணு விலைக்கு வருது." உண்மையான பிரியத்தோடுதான் சொன்னாள். ரோண்டாவுக்கு அதுதான் தாங்கவில்லை. பானையை மூடினாள். இரண்டாம் முறை வாங்க வரிசையில் நின்றவர்கள் தட்டோடு பார்த்துக்கொண்டிருக்க, பாதிச் சோற்றோடு பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அடுத்த நாட்களில் அவள் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். புல்வெளியில் நட்டிருந்த லேக்ஹேவன் பலகையைப் பிடுங்கிக் கார் கொட்டகையில் எறிந்தாள். மறுநாள் அது திரும்ப நின்றது. அதற்கடுத்த நாள் காணவில்லை. வீட்டுத் தரகர் ஒருத்தி வந்து அறைகளைப் பார்த்துவிட்டுப் போனாள். வேட், "வித்துட்டுப் போயிருவோம், நிம்மதியா இருக்கலாம்" என்றான். "எது நிம்மதி? அவங்க நடுவுல போய் உக்காந்துக்கிட்டு சிரிக்கிறதா?" என்று அவன் மேல் பாய்ந்தாள். "சரி, விக்க வேண்டாம்" என்றால், "அப்ப ஆம்பர் படிப்பு?" என்று அதற்கும் பாய்ந்தாள்.

ஆம்பர் அப்போது பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஒரு சாயங்காலம் இதை உடைத்தாள். "அம்மா, எனக்காகத்தான் பண்றேன்னு ஊர்ல ஒவ்வொரு கதவுலயும் சொல்லியிருக்க. என் கதவ மட்டும் தட்டவே இல்ல."

"தட்டியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"கணக்கு டீச்சர் வேணும்னு சொல்லியிருப்பேன். வேற ஊர் வேணும்னு சொல்லியிருக்க மாட்டேன்."

இரண்டாம் வாக்கெடுப்புக்கு முன்னால் மறுபடி விசாரணைக் கூட்டம். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஓட்டு, இந்த முறை ரோண்டாவுக்கு இல்லை. பேச மட்டும் யார் வேண்டுமானாலும் பேசலாம். அவள் வரிசையில் போய் நின்றாள். எந்தப் பக்கம் பேசுவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"உங்கள்ல பாதிப் பேரு வீட்டு வாசல் எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தாள். "எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குலைச்சுட்டுப் போயிரும்னு தெரியும். எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் சொன்னேன். இது யாரையும் ஒதுக்குறதுக்கு இல்ல, நம்ம பிள்ளைங்களுக்காகன்னு. அத நான் நம்பித்தான் சொன்னேன். இதே மைக்ல அந்தப் பக்கத்து ஆளுங்கன்னும் சொன்னேன். இப்ப அந்தப் பக்கத்துல நான் இருக்கேன். இங்க வந்து நின்னா, என் பொண்ணு மேல எனக்கு அக்கறை கொறஞ்ச மாதிரி தெரியல." சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கைதட்டல் சிதறலாக வந்தது. அவளை நம்புவதா என்று வடக்குக்காரர்களுக்கும் தெரியவில்லை.

வெளியே கார்கள் நிற்குமிடத்தில் ஒடெஸா அவளைப் பிடித்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கிறேன். உன்ன உள்ள சேத்திருந்தா இன்னிக்கு இங்க வந்து இதப் பேசியிருப்பியா?"

ரோண்டா கார்ச் சாவியை உருட்டிக்கொண்டே நின்றாள். "மாட்டேன், மிஸ் ஒடெஸா."

"பொய் சொல்லல. அந்த மட்டுக்கும் சரி."

"அன்னிக்கு நான் சொன்னதுக்கு..."

"இன்னிக்கு வேண்டாம். இன்னிக்கு எனக்குக் கேக்கிற தெம்பு இல்ல." அவர் தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

லேக்ஹேவன் ஜெயித்தது. பெரிய கல் பலகை ஒன்று ரோண்டாவின் வேலி மூலையில் முளைத்தது, வேலிக்கு அப்பால் போகிற சாலையில் வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டு. எங்களுக்கு அதன் முதுகு. வரி குறைந்ததும் பழைய பள்ளியில் பிரெஞ்சு வகுப்பு போயிற்று, நூலகர் போனார், அடுத்து வாத்தியக் குழு என்று பேச்சு வந்தது. கணக்கு ஆசிரியர் இன்னும் வரவில்லை.

வாத்தியக் குழுவைக் காப்பாற்ற, மிச்சமிருக்கிற நாங்களே கொஞ்சம் கூடுதல் வரிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாக்கெடுப்பு வந்தது. கதவு தட்ட ஆள் தேவைப்பட்டபோது ஒடெஸா எதிர்வீட்டுக்கு வந்து அழைப்புமணி அடித்தார். வடக்குத் தெருக்களில் அவர்கள் சேர்ந்து போனார்கள். ஒரு வீட்டில் கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் நின்ற ஆள் ரோண்டாவை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அந்தம்மாதானே? எங்களுக்கு அக்கறை இல்லன்னு டிவில சொன்னது."

"ஆமா."

"இப்ப எங்க காசு கேட்டு வந்திருக்கீங்க."

"ஆமா. என் காசும் சேத்துத்தான்."

அவர் ஒடெஸாவைப் பார்த்தார். ஒடெஸா உதவிக்கு வரவில்லை. ரோண்டா வியர்த்துக்கொண்டே கிளாரினெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவர் கதவைச் சாத்தவில்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை.

அந்த வரி நிறைவேறியது. வாத்தியக் குழு பிழைத்தது. இப்போது வியாழக்கிழமைதோறும் இருவரும் ஒரே காரில் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போகிறார்கள். போகிற வழியெல்லாம் சண்டைதான். பள்ளி வாசலில் போலீஸ் வேண்டுமா வேண்டாமா, யார் வரியைக் கூட்டலாம், யாருடையதைக் குறைக்கலாம். ஜன்னலை இறக்கிவிட்டால் தெருவுக்கே கேட்கும். லேக்ஹேவனில் விலைக்கு வருகிற வீடுகளை ரோண்டா இன்னும் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று வேட் சொல்கிறான். ஒடெஸாவுக்கும் அது தெரியும்.

போன வாரம் நானும் அந்தக் காரில் இருந்தேன். ஒடெஸா நேராகவே கேட்டார். "வீட்ட விக்கப் போறியா, இல்லையா?"

"தெரியல மிஸ் ஒடெஸா. ஒரு நாள் விக்கணும்னு இருக்கு, ஒரு நாள் செத்தாலும் விக்கக் கூடாதுன்னு இருக்கு."

"வித்தா வித்துக்கோ. வாங்க வர்றவங்ககிட்ட வியாழக்கிழமை கூட்டம் இருக்குன்னு சொல்லிட்டுப் போ. ஆளு கொறையுது. டீக்கன் வில்லிஸ் இப்ப குறட்டையும் விடுறாரு."