ஐந்து சொத்துக்காரர்களும் ஒரு பிரசவ அறையும்

1. டில்லிக் கடிதம்

சங்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டில்லியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்தவள் நான்தான். நாங்கள் கேட்ட நிதியுதவி கிடையாது என்று எழுதியிருந்தார்கள். கிடையாது என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காரணம் என்று ஒன்று போட்டிருந்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் நிர்வாகக் குழுவின் ஐந்து பேரும் நிலச்சுவான்தார்கள் என்று நீங்களே விவரம் அனுப்பியிருக்கிறீர்கள், ஐந்து நிலச்சுவான்தார்கள் சேர்ந்தால் ஒரு பிரசவ அறை கட்ட முடியாதா, இந்த நிதி ஏழைச் சங்கங்களுக்கானது, விவரத்தில் திருத்தம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் அனுப்பவும். இதுதான் கடிதத்தின் சாரம். அந்த விவரத்தை டைப் செய்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்தவள் நான்.

இப்போது அலுவலகங்களில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு எங்கள் காலம் விளங்காது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு அதிகாரிகள் கப்பலேறிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனால் நகராட்சி முறை அப்படியே இருந்தது. கொம்யூன் என்ற ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு மேர், அதாவது நகராட்சித் தலைவர், அவருக்குக் கீழே கவுன்சிலர்கள். நான் பிரெஞ்சு டைப் படித்த தாக்டிலோ. என் மெஷினில் எழுத்துகள் பிரெஞ்சு வரிசையில் இருக்கும், அதிலேயே இங்கிலீஷ் கடிதங்களையும் அடித்தேன். பிழையில்லாமல் அடிப்பேன் என்ற திமிர் எனக்கு நிறைய உண்டு. அந்தத் திமிரும் இந்தக் கதையில் ஒரு ஆள்.

எங்களுடையது தாய்சேய் நலச் சங்கம். நெல்லித்தோப்பில் ஒரு அரிசிக்கடையின் மாடியில் ஒற்றை அறைதான் ஆபீஸ். சங்க விதிப்படி நிர்வாகக் குழுவில் மேரும் கவுன்சிலர்களும் மட்டுமே இருக்க முடியும். ஆஸ்பத்திரியிலும் வண்டி ஸ்டாண்டிலும் அவர்கள் பேச்சுதான் எடுபடும் என்பதால் தொடக்கத்திலேயே அப்படி ஒரு விதி போட்டிருந்தார்கள். தலைவர் தெய்வசிகாமணி ஐயா, எங்கள் கொம்யூனின் மேர்.

கடற்கரைக் குப்பத்தில் ஒரு பிரசவ அறை கட்டி, அங்கேயே ஒரு மருத்துவச்சியைத் தங்கவைக்க வேண்டும். சங்கம் ஆரம்பித்ததே அதற்காகத்தான். குப்பத்து நாட்டார், அதாவது ஊர்ப் பெரியவர்கள், வலை உலர்த்தும் இடத்தில் ஒரு மூலையை விட்டுக் கொடுத்திருந்தார்கள். மாசி மகத்துக்குள் அஸ்திவாரம் போடாவிட்டால் இடத்தை மறுபடி வலைக்கே எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். குப்பத்துப் பெண்களுக்கு வலி எடுத்தால் மாட்டு வண்டியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். மழை நாளில் வண்டி கிடைக்காது. கிடைத்தாலும் மணலில் சக்கரம் புதையும்.

2. பதிவேட்டுப் பழக்கம்

தப்பு எப்படி நடந்தது என்றால், டில்லிப் படிவத்தில் குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் வயது, படிப்பு, தொழில், பொதுவாழ்வு எல்லாம் கேட்டிருந்தார்கள். பெரிய மனிதர்களிடம் போய் உங்கள் தொழில் என்ன என்று கேட்க எனக்குக் கூச்சம். மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனால் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பதிவேடு இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் அந்த ஆளின் தொழிலும் இருக்கும். ஐந்து பேர் பெயரையும் தேடிப் பார்த்து எழுதி வந்தேன். அரை நாளில் வேலை முடிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பதிவேட்டில் ஐந்து பேருக்கும் தொழில் என்ற இடத்தில் ‘சொத்துக்காரர்’ என்றுதான் பிரெஞ்சில் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சிரிப்பான விஷயம். ஒரு ஓட்டு வீடு பெயரில் இருந்தாலே மேரி குமாஸ்தா மரியாதைக்கு அப்படி எழுதிவிடுவார். கூலி என்று எழுதினால் ஆளுக்குக் கோபம் வரும், குமாஸ்தாவுக்கும் எதற்கு வம்பு. என் அப்பா ரொட்டிக் கடையில் அடுப்புக்கு முன்னால் நின்று வெந்தவர். என் பிறப்புப் பதிவில் அவரும் சொத்துக்காரர்தான். சொத்து என்பது இரண்டு அறை வீடும் ஒரு முருங்கை மரமும். இதெல்லாம் தெரிந்த நானே அதை அப்படியே இங்கிலீஷில் நிலச்சுவான்தார் என்று அடித்து டில்லிக்கு அனுப்பினேன். காகிதத்தில் இருப்பதைக் காகிதத்தில் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய வயது அது.

3. நான்கு பேர்

தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. கடிதத்தை மடித்துத் திரும்பக் கொடுத்தார்.

“மத்தவங்கள போய்க் கேட்டு எழுதிக்கிட்டு வாம்மா. என்னுத கடைசில பாத்துக்கலாம்.”

முதலில் குப்பத்துக் கவுன்சிலர் அஞ்சாபுலியிடம் போனேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

“கட்டுமரத்துல ஒரு கட்ட என்னுது, மத்த கட்டையெல்லாம் அண்ணந்தம்பிங்களுது. அதாம்மா நம்ப சொத்து. எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். பதினைந்து வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். சுண்ணாம்பு அடித்த பள்ளிக்கூடத்தைப் பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை. குப்பத்தில் காலரா வந்தபோது சாக்கடை வெட்ட ஆள் சேர்த்தவர் என்பதால் கவுன்சிலர் ஆக்கினார்கள்.

இரண்டாமவர் மாணிக்கவேலு, மில்லில் தறி ஓட்டியவர். ஸ்ட்ரைக்கில் வேலை போய், நெல்லித்தோப்பிலேயே சோடாக் கடை வைத்திருந்தார். அவர் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னார், மேடையில் சொல்லிச் சொல்லிப் பழக்கம். மூன்றாமவர் மூலக்குளத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி ஒன்று நடத்திய கோவிந்தராசு வாத்தியார். அவர் சொன்னதை எழுத இரண்டே வரி போதுமாக இருந்தது.

நான்காமவர் லூர்துசாமிதான் மல்லுக்கு நின்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்தவர், மெடல் வைத்திருந்தார். சிப்பாய் என்று மட்டும் போட்டால் போதும் என்றார். பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டேன். பேச்சை இரண்டு முறை மாற்றினார். கடைசியில் அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “கிச்சன்லன்னு சொல்லேன், இன்னா இப்ப” என்றார். லூர்துசாமி கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, நானூறு பேருக்குச் சூப்பு வைத்தவன் இந்த ஊரில் வேறு யாராவது இருக்கிறானா என்று என்னையே கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அதையும் எழுது என்றார்.

4. ஐந்தாமவர்

தலைவருடையது மட்டும் பாக்கி. நான் போகும்போதெல்லாம் வேறு வேலை சொன்னார். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், இன்னொரு நாள் மருத்துவச்சியைப் பார்த்து வரச் சொன்னார். தெய்வசிகாமணி ஐயாவை நிலம் நீச்சு உள்ள குடும்பம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். வெள்ளைக் கோட்டில் கடைசிப் பொத்தான் வரை போட்டிருப்பார். அவர் முன்னால் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். அந்த மரியாதையில்தான் அவர் இரண்டு முறை மேர் ஆனார் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு மாதக் கெடு முடியப் பத்து நாள் இருந்தது. அஞ்சாபுலி மாடியேறி வந்து, நாட்டார் கேட்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது என்றார். அவர் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை. நான் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நேராக மேரிக்குப் போனேன். மத்தியான நேரம். குமாஸ்தாக்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இன்றைக்கு நீங்கள் சொல்லாமல் நான் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“புஷ்புஷ் தள்ளுனேன். பதினோரு வருஷம்.”

புஷ்புஷ் என்பது வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து போகும் வண்டி. மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது, பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். ஐயா தள்ளியது ஒரு நீதிபதி வீட்டு வண்டி. அவரே மேலே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை மாதா கோயிலுக்குள் போயிருந்தார். வெளியே வண்டியோடு இவர் நின்றிருந்தார். குப்பத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கைத்தாங்கலாக நடத்தியே கூட்டி வந்து, இதற்கு மேல் நடக்க முடியாமல் இருவரும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மகளுக்கு வலி. இவர் கேட்காமல் கொள்ளாமல் துரை வண்டியில் அந்தப் பெண்ணை ஏற்றி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது அந்தப் பெண் உயிரோடு இல்லை.

“மெத்தையக் கழுவிக் காயவச்சிட்டுத்தான் வண்டிய விட்டேன். ஆனாலும் மறுநாள் வேலைக்கு வராதன்னுட்டாங்க. அப்புறந்தான் இந்தப் பக்கம் வந்து செங்கல் சூளையில சேந்தேன், யூனியன்ல சேந்தேன், எல்லாம்.”

ஒரு சின்ன ஓட்டு வீடு வாங்கியபோது மேரிக் குமாஸ்தா சொத்துக்காரர் என்று எழுதினார், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார். நான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்ததும் எத்தனை காப்பி எடுப்பாய் என்று கேட்டார். மூன்று என்றேன். டில்லிக்கு ஒன்று, எங்கள் பைலுக்கு ஒன்று, மேரிக்கு ஒன்று.

“மேரிக்குமா?”

விதிப்படி சங்கத்தின் எந்த மனுவுக்கும் ஒரு காப்பி மேரியில் கொடுக்க வேண்டும், இதுவரை ஒன்றுகூட விட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, “குடு” என்றார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்ன கணக்குப் பார்த்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. கார்பன் தாள் மாற்ற வேண்டும் என்ற ஞாபகம்தான் எனக்கு இருந்தது.

5. அறை

திருத்திய விவரத்தைக் கெடுவுக்குள் அனுப்பினோம், உதவி கிடைத்தது. ஒரு அதிகாரி வந்து குப்பத்தைப் பார்த்தார், ஐந்து பேரிடமும் பேசினார், லூர்துசாமியிடம் மட்டும் அரை மணி நேரம் பேசினார். மாசி மகத்துக்கு நான்கு நாள் முன்னால் அஸ்திவாரம் போட்டோம். அறை என்றால் ஒரே அறை, ஒரு கட்டில், பக்கத்தில் மருத்துவச்சி தங்க ஒரு சாய்ப்பு. திறந்த அன்று அஞ்சாபுலி எல்லோருக்கும் தானே மீன் வறுத்துக் கொடுத்தார்.

அடுத்து வார்டுத் தேர்தல் வந்தது. மேரியில் கிடந்த மூன்றாவது காப்பியை யாரோ எடுத்து எதிர்க்கட்சிக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். சுவரெல்லாம் புஷ்புஷ் வண்டிப் படம் வரைந்து, துரைக்கு வண்டி தள்ளினவன் நமக்கு மேரா என்று எழுதினார்கள். செத்துப்போன பெண்ணைப் பற்றியும் அந்தத் தாளில் இருந்தது. அதை யாரும் சுவரில் எழுதவில்லை. ஐயா தோற்றார். கவுன்சிலர்களில் ஒருவர்தான் மேர் ஆக முடியும், கவுன்சிலரே இல்லை என்றால் மேர் எப்படி. மேரும் கவுன்சிலரும் மட்டும்தான் என்ற எங்கள் விதிப்படி சங்கத்திலும் இருக்க முடியாது.

ரப்பர் ஸ்டாம்பையும் பீரோ சாவியையும் ஒப்படைக்க மாடியேறி வந்தார். அதே வெள்ளைக் கோட்டு. ரசீது எழுத ஆரம்பித்தேன். அந்தக் காப்பியை நான் கொடுத்திருக்கக் கூடாது, என்னால்தான் இப்படி ஆயிற்று என்று அழுதுவிட்டேன். தேர்தல் முடியும்வரை தாமதித்திருந்தால், மறந்த மாதிரி இருந்திருந்தால், யார் கேட்டிருக்கப் போகிறார்கள்.

“குடுன்னு சொன்னது நான். நீ ஏம்மா அழுவுற.”

சாவியை மேஜைமேல் வைத்தார்.

“குப்பத்துல எத்தினி பொறந்திருக்குது?”

“ஏழுங்க.”

“தாய்ங்க?”

“எல்லாரும் நல்லா இருக்காங்க ஐயா.”

தலையை ஆட்டிக்கொண்டார். ரசீதை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வெவ்வேறு அலுவலகங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். ஒருவர் என்ன தொழில் செய்தார் என்பதைப் பதிவேட்டைப் பார்த்து நான் எழுதியதே இல்லை. ஆளைப் போய்க் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். ஆனால் அவர் சொன்னதைத் தாளில் ஏற்றுவதற்கு முன்னால், அது யார் யார் கைக்குப் போகும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். பிழையில்லாமல் அடித்ததற்கு உங்களுக்குச் சம்பளம் கிடைக்கும். உண்மைக்கு விலை கொடுப்பது அவர்.