சொம்பை விடு, பென்ஷனைக் கேள்

சித்தூர் வக்கீல் ஆபீசில் அக்கா, அவளிடம் விவாகரத்து கேட்ட மாமா, அவருடைய வக்கீல், நான் ஆகிய நால்வர் இருந்தோம். எங்கள் அப்பா, நைனா, வரவில்லை. "பங்காருபாளையத்துல மாங்கா லோடு கீது. படிச்சவன் நீயே பேசு" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி முடித்து, சென்னைக் கம்பெனிக்குப் போனவன் நான்.

அக்காவின் சீர்ப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, கூடவே நாற்பதாயிரம் மாமா தருவதாகப் பேச்சு. நானோ பட்டியலில் ஒரு சொம்பு குறைகிறதென்று அரை மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"சொம்ப வுடுடா," என்றாள் அக்கா. "இவரு கவர்மெண்ட் டிரைவரு. நாளைக்கு பென்ஷன் வாங்கறப்ப எனக்கு இன்னா கெடைக்கும்?"

"விவாகரத்து ஆனா உனக்கு குடும்ப பென்ஷன் கெடையாதுக்கா," என்றேன், சட்டம் தெரிந்த பெருமையில்.

"அப்ப அதுக்கும் சேத்து இப்பவே குடுக்கச் சொல்லு. பன்னெண்டு வருசம் டூட்டிக்குப் போவ டிபன் கட்டிக் குடுத்தது யாரு, நீயா?"

மாமாவே சிரித்துவிட்டார். "அந்தம்மா கேக்கறது நியாயமே கதா!" என்று தெலுங்கு கலந்து சொல்லி, அவருடைய வக்கீல் நாற்பதாயிரம் என்று எழுதியிருந்த தாளைக் கிழித்தார்.

பள்ளிக்கூடமே போகாத அக்காவுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் யாருக்காகப் பேசப் போனாலும், அவர்களுக்கு என்ன வேண்டுமென்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மாமாவுக்கு ஆன செலவு மூன்று லட்சத்து இருபதாயிரம்.