அக்கா பிரேக்

டிரைவிங் ஸ்கூல் நடத்துறவளுக்கு வண்டி ஒண்ணு, பிரேக் ரெண்டு. ஓட்டுறவங்க காலுக்கு ஒண்ணு, பக்கத்துல உசிரைக் கையில புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிற எனக்கு ஒண்ணு. என் பக்கத்து பிரேக்குக்கு எங்கிட்ட படிச்ச பொண்ணுங்க வச்ச பேரு 'அக்கா பிரேக்'. புதுக்கோட்டையில பொம்பளைங்களுக்குன்னே ஸ்கூல் ஆரம்பிச்சு, ஒத்த வண்டியில இத்தனை வருசம் ஓட்டிட்டேன். டீச்சரு, நர்ஸு, கறிக்கடைக்காரம்மா, கல்யாணமான மறு வாரமே வந்து நின்ன புதுப்பொண்ணு, எல்லாரும் கியர் போட்டுப் பழகினது இந்த வெள்ளை வண்டியிலதான். அதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

புது வண்டி புக் பண்ணியாச்சு. பழசை வித்தாத்தான் முன்பணம் கட்ட முடியும், மாசக் கடைசிக்குள்ள கட்டலேன்னா புக்கிங் போயிரும். அதுக்காக என்ன வண்டின்னு மறைச்சு விக்கிறதில்லன்னும் முடிவு பண்ணிட்டேன். அங்கதான் புடிச்சது சனி. பழைய வண்டி விக்கப் போயி நொந்தவங்கல்லாம் கிட்ட வாங்க, உங்களுக்குத்தான் இது புரியும்.

கண்ணாடி போட்ட டாக்டரம்மா

மொதல்ல வந்தவரு உள்ளூர் புரோக்கரு. வண்டியச் சுத்தி வந்தாரு, டயரை ஒரு ஒதை விட்டாரு. எதுக்குத்தான் எல்லாரும் டயரை ஒதைக்கிறாங்களோ தெரியல. கதவுல எழுதியிருந்த ஸ்கூல் பேரைப் பாத்ததும் மொகம் சுருங்கிருச்சு. டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா ஒருத்தனும் தொட மாட்டான், கிளட்ச் செத்திருக்கும், கியர் பாக்ஸ் கதறியிருக்கும்னு ஒரு ஒப்பாரி வச்சாரு. ஒப்பாரிக்குத் தக்கன வெலையும் சொன்னாரு. நான் வேண்டாம்னு திரும்பினதும் கொரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"டாக்டரம்மா வச்சிருந்த வண்டின்னு சொல்லிருவோம்க்கா. நீங்களும் கண்ணாடி போட்டுத்தான இருக்கீங்க."

கடைசி வெலை

சரி, ஆன்லைன்ல போடுவோம்னு போட்டோ எடுத்துப் போட்டேன். 'டிரைவிங் ஸ்கூல் வண்டி'ன்னு மேலயே பெருசா எழுதினேன். போனைக் கீழ வைக்க முடியல. பாதிப் பேரு "இருக்கா?"ன்னு ஒத்த வார்த்தை கேப்பாங்க, இருக்குன்னு சொன்னா அப்பறம் ஆளையே காணோம். ஒருத்தரு பழைய டிராக்டருக்கு மாத்திக்கிறீங்களான்னாரு. கறம்பக்குடிக்காரரு ஒருத்தரு மட்டும் விடாம பேசினாரு. எப்ப எடுத்தாலும் கடைசி வெலை என்ன, கடைசி வெலை என்னன்னுதான். ஒரு நடை வந்து வண்டியப் பாருங்க, ஓட்டுங்க, அப்பறம் பேசுவோம்னேன்.

"வண்டி எங்கிட்டு ஓடிறப் போகுது? நீங்க எவ்வளவு எறங்குவீங்கன்னு தெரிஞ்சாத்தான நான் பஸ் ஏற முடியும்."

மிதிச்சது யாரு?

பழைய காரை வாங்குற ஆப் ஒண்ணு இருக்குன்னு மக சொன்னா. வண்டி விவரத்தைத் தட்டினதும் அது காட்டின வெலையைப் பாத்து அன்னைக்கு வீட்ல கேசரி கிண்டிட்டேன். மறுநா அந்தக் கம்பெனித் தம்பி கையில டேப்லெட்டோட வந்தாரு. பம்பர் கீறலுக்கு ஒரு போட்டோ, கதவு நெளிசலுக்கு ஒரு போட்டோ. ஒவ்வொரு போட்டோவுக்கும் வெலை ஒரு படி எறங்குச்சு. எனக்குக் கேசரி நெஞ்சுலயே நின்னுருச்சு.

கடைசியா ஓட்டிப் பாக்கணும்னாரு. அன்னவாசல் ரோட்ல போனோம். நான் எப்பவும் போல இடது பக்கம் உக்காந்துக்கிட்டேன். முன்னாடி ஆட்டோ ஒண்ணு சட்டுன்னு திரும்புச்சு. அந்தத் தம்பி மிதிக்கிறதுக்கு முன்னாடி என் காலு மிதிச்சிருச்சு. அது பழக்கத் தோஷம், தூக்கத்துலயே கட்டிலை மிதிக்கிறவ நான். அவரு வண்டிய ஓரங்கட்டினாரு. தண்ணி குடிச்சாரு. அப்பறம் டேப்லெட்டை எடுத்தாரு.

"பிரேக் சூப்பர்னு போட்டுக்கிறேன் மேடம். ஆனா யாரு மிதிச்சதுன்னு போட இதுல எடமில்ல."

எத்தனை லேடீஸ்?

திருச்சியில பெரிய டீலர் ஒருத்தரு. ஏ.சி. ரூமு, வந்ததும் காப்பி. வந்ததுலயே பெரிய வெலை அவரு சொன்னதுதான். ஆப்காரங்க கடைசியா எறக்கி நிறுத்தின, முன்பணத்துக்கே பத்தாத வெலையைவிட முப்பதாயிரம் கூட. மாசக் கடைசி வேற நெருங்கிக்கிட்டு இருந்துச்சா, மனசு ஆடிப்போச்சு, ஒளிக்க என்ன இருக்கு. ஆனா அவரு ரெண்டு கண்டிஷன் போட்டாரு. கதவுல இருக்கிற பேரைச் சொரண்டி, என் பக்கத்து பிரேக்கையும் கழட்டிக் குடுக்கணும். வாங்குறவங்க போன் பண்ணினா, நான் ஒருத்திதான் ஓட்டினேன்னு சொல்லணும். விளம்பரத்துல 'லேடீஸ் யூஸ்'னு போட்டுக்குவாராம். அது பொய்யில்லையான்னு கேட்டேன்.

"லேடீஸ்தானம்மா ஓட்டினாங்க? எத்தனை லேடீஸ்னு எவன் கேக்கப் போறான்?"

காப்பி நல்லாத்தான் இருந்துச்சு. குடிச்சிட்டு வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வழி பூரா வயித்தெரிச்சல்தான்.

நசீமா

மறுநா காலையில வாசல்ல வந்து நின்னா நசீமா. அம்மா வீடு புதுக்கோட்டை, வாக்கப்பட்டது மணமேல்குடி, வீட்டுக்காரரு சவுதியில. அம்மா வீட்டுக்கு வந்திருந்தப்ப எங்கிட்ட ஓட்டிப் பழகினவ. மொத நாளே பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சு டீக்கடைப் பாய்லரைப் பாத்துப் போனா. அக்கா பிரேக் இல்லேன்னா அன்னைக்கு ரெண்டு பேரும் வெந்திருப்போம். ஆன்லைன்ல கதவுப் பேரைப் பாத்து வந்திருக்கா.

வந்தவ டயரை ஒதைக்கல. பானெட்ல கையை வச்சுப் பாத்தா, நான் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி, ஸ்டார்ட்டிங் கோளாறை மறைச்சு வச்சிருக்கேனான்னு. ஆயில் கம்பியை உருவிப் பாத்தா. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சு ரிவர்ஸ் எடுத்து, ஏதாச்சும் சத்தம் வருதான்னு காதைக் குடுத்துக் கேட்டா. சந்துல அவ ரிவர்ஸ் எடுத்த அழகைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எறங்கி வந்தவ, கிளட்ச் ரொம்ப மேல புடிக்குதுக்கா, பிளேட் மாத்தணும்னு நான் சொன்ன வெலையில நறுக்குன்னு இருபதாயிரத்தைக் கொறைச்சா. பழைய வண்டி எப்படிப் பாக்கணும்னு கடைசிக் கிளாஸுல சொல்லிக் குடுத்ததே நான்தான். எதுத்து என்னத்தைப் பேசுறது? அப்பறமும் ஆப்காரங்க வெலைக்குப் பத்தாயிரம் மேலதான் நின்னுச்சு, முன்பணத்துக்கும் சரியாப் போச்சு. சரின்னு கையைக் குடுத்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஸ்கூல் வண்டியச் சொந்த வண்டியா மாத்துறப்ப என் பக்கத்து பிரேக்கைக் கழட்டணும்டி, நானே கழட்டித் தந்துர்றேன்னேன். சாவியை வாங்கினவ திரும்பிப் பாத்தா.

"கழட்டுங்க, ஆனா தூக்கிப் போட்டுறாதீங்கக்கா, டிக்கியில வச்சிருங்க. சவுதியிலேர்ந்து லீவுல வந்தா மச்சான் நான்தான் ஓட்டுவேன்னு நிப்பாக, அப்ப எடுத்து மாட்டிக்கிறேன், பிரேக்காச்சும் எங்கிட்ட இருக்கட்டும்."

ஆக, ஊரே வேண்டாம்னு சொன்ன பிரேக்கோட அருமை தெரிஞ்சவ ஒருத்திதான் வந்தா, அவளும் அதுக்குன்னு தனியாப் பத்துப் பைசா தரல.