அல்போன்ஸ் அண்ணனின் சிவப்பு அட்டை

செய்தி வந்தபோது நான் எண்ணூரில் எங்கள் ஆலையின் மின் அறையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அல்போன்ஸ் அண்ணனின் மனைவி பெயர். அண்ணி வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்ல. டீயைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"கோதண்டம், அவரு போய்ட்டாருப்பா," என்றார்.

அல்போன்ஸ் அண்ணன் அன்று காலை காசிமேட்டில் மீன் வாங்கி வந்திருக்கிறார். பையை அடுப்படியில் வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு உடனே அழுகை வரவில்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, முதலில் வந்தது பயம். என் பயத்தைக் கேலி செய்யாத ஒரே மனிதர் அவர். இனி யாரிடம் போய் நான் பயப்படுவது?

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் எங்கள் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் வீடு. ஒல்லியான உருவம், சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் சிவப்பு அட்டையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலையில் எந்த இயந்திரத்தில் கை வைத்தாலும், முதலில் அதன் சுவிட்சை இறக்கிப் பூட்டி, 'இயக்காதே' என்று அச்சடித்த சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். அட்டையில் மாட்டியவரின் பெயரும் காரணமும் இருக்கும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. வேலை முடியாமல் ஷிப்ட் மாறினால், அடுத்து வருகிற ரிலீவர் தன் அட்டையை முதலில் மாட்டுவார். அதன் பிறகே போகிறவர் தன்னுடையதைக் கழற்றுவார். ஒரு நொடிகூட அந்த இடம் அட்டையில்லாமல் இருக்கக்கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கன்வேயர் மோட்டாருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். அட்டை மாட்ட மறந்துபோயிருந்தேன். சூப்பர்வைசர் அவசர அவசரமாக வந்து சுவிட்ச் பக்கம் போனபோது, அண்ணன் குறுக்கே நின்றுகொண்டார். நான் மறந்ததைப் பார்த்து, எனக்குத் தெரியாமலே தன் அட்டையை அங்கே மாட்டி வைத்திருந்திருக்கிறார்.

"சார், அவன் கை உள்ள கீது. கார்டு என்னுது. நான் எடுக்கறவரைக்கும் ஆண்டவரே வந்தாலும் லைன் குடுக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் முறைத்துவிட்டுப் போனார். நான் கையை வெளியே உருவி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "பயமா கீதா? நல்லது. அத்த வுட்றாத," என்றார். பயப்படுவதற்காக ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பிறகு பல வருஷங்கள் நான்தான் அவருடைய ரிலீவர். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் பஸ் நகராது. நான் வியர்த்து விறுவிறுத்து ஓடிப்போனால் அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "ரிலீவர் வராம நான் எப்டிடா கெளம்புறது?" என்பார், அவ்வளவுதான்.

அவருடைய ஒரே மகள் ரெஜினா. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். அதில் ஒரு துறைமுக விளையாட்டு. கடற்கரை ஒன்றைக் கொடுப்பார்கள், நாம் ஜெட்டி கட்டி, தண்டவாளம் போட்டு, கப்பல் வரவழைத்து, ஊரை வளர்க்க வேண்டும். அப்பாவும் மகளும் சேர்ந்து வருஷக்கணக்காக ஒரே ஊரைக் கட்டினார்கள். நிலையங்களுக்குத் தண்டையார்பேட்டை, காலாடிப்பேட்டை என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் இல்லாத ஒன்றும் அந்த ஊரில் இருந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கென்று தனிச் சாலை. "இத்த மட்டும் எவனும் இங்க கட்ட மாட்டேன்றான் பாரு," என்று என்னிடம் காட்டிப் பெருமைப்படுவார்.

ரெஜினா வேலைக்காகக் கனடா போனாள். போகும்போது தன் மேக் லேப்டாப்பை அப்பாவிடம் விட்டுப் போனாள். அடுத்த மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். விண்டோஸ் கம்ப்யூட்டர் மூழ்கி உயிரை விட்டது. அதன் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, காயவைத்து, உள்ளே இருந்ததை எப்படியோ மீட்டோம். விளையாட்டு இருந்தது, ஊரும் இருந்தது, ஆனால் விண்டோஸுக்காக எழுதியதை மேக் சீந்தவே இல்லை. அந்த விளையாட்டு இப்போது கடைகளில் கிடைப்பதுமில்லை.

எங்கள் இருவரில் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்தவன் நான். தேடிப் படித்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்தேன். விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் அது மேக்குக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். அண்ணனுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"அப்டி சொல்லு. துபாஷி. கப்பல்காரனுக்கும் கடைக்காரனுக்கும் நடுவுல அந்தக் காலத்துல ரெண்டு பாஷையும் பேசிக்கினு நின்னானாமே, அவன்."

அன்றிலிருந்து அதற்குத் துபாஷி என்றே பெயர். துபாஷி முதலில் சரியாகப் பேசவில்லை. சத்தம் வந்தது, படம் வரவில்லை. படம் வந்தபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. விளையாட்டு மவுஸின் வலது பட்டனைக் கேட்டது. லேப்டாப்பில் அப்படி ஒரு பட்டனே இல்லை. அண்ணன் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சாதாரண மவுஸ் வாங்கி வந்தார். ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை கழிந்த பிறகு ஊர் திரையில் வந்து நின்றது. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் மேசையைத் தட்டக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு ஞாயிறு தோறும் வீடியோ அழைப்பில் அவர் திரையைக் காட்டுவார். மகள் அங்கிருந்து சொல்வாள். "அப்பா, அந்த கிரேன நகத்துங்க. கப்பல் இடிக்கும்." இவர் நகர்த்துவார். போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் பேசத் தெரியாத இரண்டு பேர், கப்பலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். அண்ணி ஒரு தடவை என்னிடம், "அது நின்னுச்சுன்னா இவங்க ரெண்டு பேரும் இன்னா பேசுவாங்கன்னே தெரியலப்பா," என்றார். அதைக் கேட்டதிலிருந்து அந்த லேப்டாப்பைப் பார்த்தாலே எனக்குப் படபடப்புதான்.

காரணம் இருந்தது. மேக் அடிக்கடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கேட்கும். புது மேக்கில் எங்கள் பழைய துபாஷி வாயே திறக்காது என்று படித்திருந்தேன். இன்டர்நெட்டைத் துண்டித்து வைக்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்கு அது வேண்டும். எனவே அண்ணன் தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து, 'நாளை நினைவூட்டு' என்ற பட்டனை அமுக்கிவிட்டு மூடுவார். ஆலைப் பொருளில் ஒரு ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர், பழைய கல்யாணப் பத்திரிகையின் சிவப்பு அட்டையை வெட்டி, 'இயக்காதே. அப்டேட் கூடாது. அல்போன்ஸ்' என்று எழுதி, சார்ஜர் ஒயரில் கட்டித் தொங்கவிட்டார்.

அந்த அட்டையை ஒருநாள் நான் கழற்றினேன். எழுதவே கை கூசுகிறது. அண்ணன் பிரியாணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அறிவிப்பு திரையில் வந்து வந்து நின்றது. இது சின்னப் புதுப்பிப்பாகத்தான் இருக்கும், ஒரேயடியாக முடித்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும் என்று தோன்றியது. ஒயரில் தொங்கிய அட்டை கீபோர்டின் மேல் விழுந்து கிடந்தது. இருபது வருஷமாக அட்டைக்குப் பயந்து வேலை செய்தவன், இது வீட்டு அட்டைதானே என்று அவிழ்த்துவிட்டு அமுக்கினேன்.

துபாஷி வாய் மூடிவிட்டது. அண்ணன் திரும்பி வந்தவர் திரையைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த அட்டையைத்தான் பார்த்தார். பிரியாணிப் பொட்டலத்தை வைத்துவிட்டு அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"கேம் போனா போவுது கோதண்டம். கார்டு தொங்கறப்பவே கைய வெச்சியே. ஆலையிலயும் இப்டித்தான் வெப்பியா? உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் எனக்காகப் பயந்தார். பழைய நிலைக்கு லேப்டாப்பைக் கொண்டுவர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று ஞாயிறும் அப்பாவும் மகளும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்கள். நான் தலை நிமிரவே இல்லை. ஊர் மறுபடி திரையில் வந்ததும் அண்ணன் அட்டையைத் திரும்பக் கட்டினார். அதன் பிறகு ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை.

அடக்கத்துக்கு ரெஜினா வந்து சேர்ந்துவிட்டாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள் மதியம் ஆலையில் இருந்தபோது அவளிடமிருந்து போன்.

"அங்கிள், அப்பா லேப்டாப்ப ஆன் பண்ணேன். என்னமோ அப்டேட் கேக்குது..."

"தொடாதம்மா! ஒண்ணுத்தையும் அமுக்காத!" என்று கத்தினேன். பாதியிலேயே இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அண்ணியின் போன் அணைந்திருந்தது. பர்மிஷன் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். இரண்டு லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவளை மறுபடி மறுபடி அழைத்தேன். எட்டு நாளாக யாரும் 'நாளை நினைவூட்டு' அமுக்கவில்லையே, அதுவாகவே புதுப்பித்துக்கொண்டால் என்ன செய்வது? நான் ஒருமுறை கெடுத்ததைச் சரிசெய்ய அவர் பக்கத்தில் இருந்தார். இனி கெட்டால் அந்தப் பெண்ணிடம் அவள் அப்பா கட்டியது ஒன்றும் மிஞ்சாது.

வாசல் தாண்டி உள்ளே போனால், ரெஜினா லேப்டாப்புக்கு எதிரே கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அறிவிப்பு அப்படியே இருந்தது.

"போன்ல சார்ஜ் போயிடுச்சு அங்கிள். நான் எதையும் தொடல. அப்பா கார்டு தொங்குதே, நான் எப்டி கைய வெப்பேன்?"

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். 'நாளை நினைவூட்டு' அமுக்கினேன், இன்டர்நெட்டைத் துண்டித்தேன், துபாஷியைத் திறந்தேன். விரல் வியர்த்து மவுஸ் வழுக்கியது. திரை கறுப்பாகவே நின்றது. "வரலேன்னா?" என்று ரெஜினா கேட்டாள். பிறகு கடல் வந்தது, ஜெட்டி வந்தது, தண்டையார்பேட்டை வந்தது.

அண்ணன் கடைசியாகச் சேமித்த நிலை அது. ஒரு கப்பல்கூட நடுக்கடலில் இல்லை, எல்லாவற்றையும் கரையில் கட்டியிருந்தார். ரயில்கள் நிலையங்களில் நின்றன. ஆலையிலும் அவர் அப்படித்தான், எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகமாட்டார். ரெஜினா ஒவ்வொரு கப்பலாக விரல் வைத்து எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு, வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள்.

லேப்டாப்பைக் கனடாவுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னாள். "இனி இது என் பொறுப்புன்னா அப்பா கார்ட அவுக்கணுமே அங்கிள். யாரு அவுக்கறது?"

அதற்கும் எங்கள் ஆலையில் வழி உண்டு. மாட்டியவர் வரவே முடியாதென்றால், அவரோடு வேலை செய்த ஒருவர் அட்டையின் பின்னால் கையெழுத்துப் போட்டுக் கழற்றலாம். ஆனால் முதலில் அடுத்தவரின் அட்டை ஏற வேண்டும். அண்ணனின் மேசை இழுப்பறையில் எழுதாத சிவப்பு அட்டைகள் நாலைந்து இருந்தன. ரெஜினா ஒன்றை எடுத்து, 'இயக்காதே. அப்டேட் கூடாது. ரெஜினா அல்போன்ஸ்' என்று எழுதி அதே ஒயரில் கட்டினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

அதன் பிறகே அவருடைய அட்டையில் கையெழுத்துப் போட்டு, இந்தத் தடவை முறைப்படி, அவிழ்த்தேன். அது இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது.

அண்ணே, ரிலீவர் வந்தாச்சு. நீங்க கெளம்புங்க.