மாற்றல் வரும்வரை ஓடிய டயர்

வீடு திண்டிவனத்தில், சைக்கிள் விழுப்புரத்தில். எண்பதுகளில் ரயிலில் வேலைக்குப் போய்வந்த பலருக்கும் இதே கதிதான். காலையில் பாசஞ்சரைப் பிடித்து விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குவேன். ஸ்டாண்டில் கிடக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த நெல் கிடங்குக்கு மிதிப்பேன். அங்கே எனக்குக் கணக்கெழுதும் வேலை. மாலையில் அதே வழி, எதிர்க்காற்றோடு.

அந்தச் சைக்கிளுக்கு எப்போது டயர் மாற்றுவது என்பது எங்கள் வீட்டில் பெரிய விஷயமாக இருந்தது. திண்டிவனத்திலும் எங்கள் ஆபீசுக்கு ஒரு கிடங்கு உண்டு. அங்கே மாற்றல் கேட்டிருந்தேன். அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். நான் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் என் மனைவி ஒருத்திதான். விழுப்புரத்துக்கே குடிபோய்விடலாம் என்று வீடு தேடினேன். படுக்கையில் ஆள் இருக்கிறது என்றதும் வீட்டுக்காரர்களின் முகம் மாறிவிடும். வாடகை வீட்டில் சாவு விழுந்தால் அப்புறம் யார் குடிவருவார்கள் என்ற பயம். ஆக, மாற்றல் ஒன்றுதான் வழி. மாற்றல் வரப்போகிற ஆள் விழுப்புரத்துச் சைக்கிளுக்குப் புது டயர் போடுவானா?

“எதுக்குங்க புதுசு? வர்ற மாசம் ஆர்டர் வந்துடும். அதுவரைக்கும் ஓட்டுங்க” என்பாள் மனைவி. அவளுக்கு அதில் சந்தேகமே கிடையாது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற அக்கம்பக்கத்துப் பெண்களிடம் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தனுப்புவாள். அவளால் வாசலைத் தாண்ட முடியாதே.

டயரைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பின்டயர்தான் முதலில் தேயும், ஆள் பாரம் முழுக்க அதன் தலையில்தான். தினமும் மிதித்தால் ஒன்றரை வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. முன்டயர் அதைவிட அதிகம் உழைக்கும். வெயிலில் நிற்கிற சைக்கிளாக இருந்தால் ஓடாமலே பக்கங்களில் வெடிப்பு விடும். கோடுகள் அழிந்து வழவழவென்று ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அதற்குமேல் ஓடினால் அது நம் சாமர்த்தியமில்லை, டயரின் பெருந்தன்மை.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் ஓட்டினேன். பின்டயரில் நூல் தெரிந்ததும் அதை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் போட்டேன். அதுவும் கிழிந்தபோது உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்தாயிற்று. சக்கரம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் அந்த இடம் தடக்கென்று இடுப்பில் இடிக்கும்.

“இன்னாங்க சார், ஆர்டர் வந்துச்சா?” என்பார் ஜங்ஷன் பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்காரர்.

“இந்த மாசம் வந்துடும்.”

“போன மழைக்கும் இதத்தான சொன்னீங்க? நூலு பூரா வெளிய வந்துக்கினு இருக்குது. ஒருநாள் பேஜாரு பண்ணிடும் சார்.”

பண்ணியது. ஒருநாள் மாலை கிடங்கிலிருந்து பாதி வழியில் பின்டயர் பட்டென்று வெடித்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. பஸ்ஸில் நின்றபடியே திண்டிவனம் வந்து இறங்கியபோது தெருவில் விளக்கு வைத்து வெகு நேரமாகியிருந்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். தூக்கப் பார்த்து முடியாமல், அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீடு பூட்டியிருந்ததாம். நான் வருகிற நேரம்தானே என்று உட்கார்ந்தவள், அப்படியே இருந்திருக்கிறாள்.

“இன்னா ஆச்சுங்க?”

“டயர் வெடிச்சிடுச்சு. ரயில வுட்டுட்டேன்.”

இரண்டு பேருமாகச் சேர்ந்து அம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்தோம். அவள் திட்டியிருந்தால் தேவலை. தட்டெடுத்து வைத்து எனக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு, “ரெண்டு டயரையுமே புதுசா போட்டுடுங்க” என்றாள்.

“இந்த மாசம் ஆர்டர்...” என்று இழுத்தேன்.

“அது வராதுங்க. நீங்க நேரத்துக்கு வூட்டுக்கு வந்தா போதும்.”

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். மாற்றல் வரும் என்று நான் நம்பியதே அவள் நம்பியதால்தான். அவளே கைவிட்டபிறகு எனக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அப்படியொரு அசதி அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் வாசல் பக்கமே நின்று வந்தேன்.

சைக்கிள் கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். புது டயர்கள் இரண்டையும் மாட்டி, காற்றடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“அப்பாடா, இப்பவாவது மனசு வந்துச்சே சார். இனிமே ரெண்டு வருஷத்துக்கு நீங்க கவலையே பட வேணாம்” என்றார்.

நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பெடலில் கால் ஏறவில்லை. புது டயர் போட்ட சைக்கிளைக் கிடங்குவரை தள்ளிக்கொண்டே நடந்தேன்.