கேசட்டில் பதிந்த சிரிப்பு

முகத்தைப் பார்த்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினெட்டு வயதில் நானும் அப்படித்தான் பீற்றிக்கொண்டு திரிந்தேன் என்பதுதான் காரணம். சிரித்தால் சந்தோஷம், கண் அகன்றால் ஆச்சரியம், கை நடுங்கினால் பயம். நான் படித்த பாடம் அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வயசுப்பெண் என்று வீட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு, இருக்கிற நாலு பேர் முகத்தைப் படிப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

செங்கல்பட்டு கடைத்தெருவில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, துணிக்கடை. எழுபதுகளின் கடைசியில், ஊரில் நாலு பேர் போனதைப் பார்த்து என் அண்ணனும் துபாய்க்குக் கிளம்பினான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அண்ணி மூன்று மாதக் கர்ப்பம். போன கொஞ்ச நாளிலேயே தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தனுப்பினான். அதோடு கடிதம் எழுதுவது நின்றுபோயிற்று. அவன் கேசட்டில் பேசி அனுப்புவான். நாங்கள் கூடி உட்கார்ந்து கேட்போம். பிறகு மறுபக்கத்தில் எங்கள் பேச்சைப் பதிந்து, துபாய் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம்.

பேசுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அத்தா, அடுத்து அம்மா, அப்புறம் நான், கடைசியில் அண்ணி. எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் சுகமா இருக்கேன். ஒடம்பப் பாத்துக்குங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். எங்கள் வீட்டில் மாமனார் எதிரே மருமகள் குரல் உயர்த்துவது கிடையாது, சிரிப்பது கிடையவே கிடையாது. சமையற்கட்டில் நானும் அண்ணியும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்போம். அத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அத்தா ஒன்றும் கோபக்காரர் இல்லை. வழக்கம் அப்படி.

தலைப்பிரசவத்துக்கு அண்ணி கடப்பாக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனார். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் காலையில் இறந்துபோனது. ஏழாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தார்கள். அதற்குள் கபரஸ்தானுக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அந்த வாரமே கேசட் அனுப்ப வேண்டியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி அனுப்பக் கூடாது என்பதில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே கட்சி. "சொன்னா அவன் இன்னா பண்ணுவான்? ஒடனே வரவும் முடியாது, கட்டிப் புடிச்சு அழவும் ஆள் இல்ல. வரட்டும், நேர்ல சொல்லிக்கலாம்" என்றார் அத்தா. அம்மாவும் சரி என்றார். அண்ணியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, அத்தா அம்மாவோடு பஸ்ஸில் கடப்பாக்கம் போனேன். கடல் சத்தம் பதிந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தினோம். அத்தா கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே தெம்போடு ஆரம்பித்தார். "பொண்ணு பொறந்துகீதுடா. தாயும் புள்ளயும் சுகம். பேரு இன்னா வெக்கலாம்னு நீயே சொல்லி அனுப்பு." பெயர் வரைக்கும் போயிருக்க வேண்டாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. பொய் பேசிப் பழக்கமில்லாதவர் பொய் பேசினால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

அண்ணியின் முறை வந்தது. "நான் சுகமா..." என்றபோதே குரல் உடைந்தது. டேப்பைப் பின்னால் சுற்றினேன். இரண்டாம் தடவை சொல்லி முடித்துவிட்டார், ஆனால் மூக்கடைத்தவர் பேசுவது போல் இருந்தது. "இப்டிப் பேசினா அவன் கண்டுபுடிச்சுடுவான்" என்றார் அம்மா.

யோசனை சொன்னது நான்தான். "கொஞ்சம் சிரிச்சுகினே பேசுங்க அண்ணி. சிரிச்சா சந்தேகமே வராது."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு அத்தா பக்கம் பார்த்தார். அத்தா சுவரைப் பார்த்தபடி, "அவனுக்காகத்தாம்மா. சிரி" என்றார். பட்டனை அழுத்தினேன். அண்ணி சிரித்தார். கலகலவென்று, நல்ல சிரிப்பு. "புள்ள உங்கள மாதிரியே கீது" என்று யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். முடிந்ததும் முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டார். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான், "அண்ணி, நீங்க சினிமாவுக்கே போயிருக்கலாம்" என்றேன். இதை எழுதும்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் அண்ணி செங்கல்பட்டுக்குத் திரும்பியிருந்தார். அண்ணனின் குரலில் ஒரே உற்சாகம். வெயில், சாப்பாடு, கூட தங்கியிருக்கிறவனின் குறட்டை என்று எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயரும் இல்லை. அத்தாவுக்கு அப்பாடா என்றிருந்தது. "வேல பேஜார்ல மறந்துட்டிருப்பான். நல்லதாப் போச்சு" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெற்ற மகளுக்கு ஒரு பெயர் யோசிக்கத் துப்பில்லையா? இவனெல்லாம் ஒரு தகப்பனா? அண்ணியிடமே கேட்டேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "ஆம்பளைங்க அப்டித்தான்" என்று சிரித்தார். சரி, அண்ணி தேறிவிட்டார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். தினமும் அவர் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுத்தேன். அதற்குப் பிறகு போன கேசட்டிலும் வந்த கேசட்டிலும் சிரிப்புக்குக் குறைவே இல்லை.

அடுத்த வருஷம் அண்ணன் விடுப்பில் வந்தான். மத்தியானம் வந்து இறங்கியவனை அழைத்துவர அத்தாவும் நானும் டாக்சியில் மீனம்பாக்கம் போயிருந்தோம். வருகிற வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. தாம்பரம் தாண்டட்டும் என்று அத்தா என் காதில் சொன்னார். தாம்பரம் போயிற்று. கூடுவாஞ்சேரியும் போயிற்று. அத்தா இருமினார், தண்ணீர் குடித்தார், வேட்டி விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினார். சொல்லப் பயந்தார், பாவம்.

கடைசியில் அண்ணன்தான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டான். "புள்ளய எங்க அடக்கம் பண்ணீங்க அத்தா?"

ஆச்சரியப்பட்டால் கண் அகலும் என்று நினைத்திருந்தேன். அத்தா கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "யார்ரா ஒனக்குச் சொன்னது?" என்றார்.

"நீங்கதான் அத்தா. அவ சிரிப்ப அனுப்பினீங்களே. உங்க எதிர்ல அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அன்னிக்கி அவ்ளோ சத்தமா சிரிக்கிறா. எனக்குப் பயம் வந்துடுச்சு. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். புள்ள இருந்திருந்தா நடுவுல ஒரு தடவையாவது அழுத சத்தம் கேட்டிருக்காதா? செத்த புள்ளைக்கி எப்டி அத்தா பேரு சொல்லி அனுப்புவேன்?"

"அப்புறம் ஏண்டா நீயும் அப்டி சிரிச்சுகினு பேசினே?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நீங்க அவளத்தான கேப்பீங்க, ஒழுங்கா பேசலியான்னு."

அதைத்தான் கேட்டிருப்போம்.

வீட்டில் அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். காரில் நடந்தது அவருக்குத் தெரியாது. அண்ணன் உள்ளே வந்ததும், அத்தா பக்கத்தில் நிற்கும்போதே, கேசட்டில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான். "போதும். எனக்கு எல்லாம் தெரியும். இனிமே சிரிக்காத" என்றான்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். முக்காடு விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குச் சத்தம். அத்தா வெளியே போகத் திரும்பினார். பிறகு போகாமல் சுவரோரம் உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் அண்ணியின் கையைப் பிடித்து, "மன்னிச்சுடுங்க அண்ணி, நான்தான் உங்களச் சிரிக்கச் சொன்னேன்" என்றேன்.

அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அது போவட்டும். தெனம் எம்பக்கத்துலதான படுத்துகினு இருந்தே? ஒரு நாளாவது, 'அழறீங்களா அண்ணி'ன்னு கேக்கத் தோணலியா ஒனக்கு?"

கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். சிரித்துக்கூட இருப்பார். ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டும்.